கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பெரியம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது வாக்கரைப் பிடித்து நாலு எட்டு நடக்கிறார். கவலைப்படாதே.

முதல் நாள் ஆட்டோவில் ஏறி "ஸ்டான்லி" என்றேன். வயதான டிரைவர், "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதானே சார்?" என்றார். எத்தனை வருஷமாயிற்று அந்தப் பெயரைக் கேட்டு! வண்ணாரப்பேட்டையில் இருந்தபோது அதைக் கேலிப் பெயர் என்றே நினைத்திருந்தோம். இல்லையப்பா, அது நிஜம்.

ஹைதர் அலியோடு கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய போரில் சுற்றுவட்டார ஊர்களெல்லாம் பாழாகி, பஞ்சம் வந்தது. பட்டினியோடு பட்டணத்துக்கு ஓடிவந்தவர்களுக்கு 1782-இல் இங்கே கஞ்சி ஊற்றினார்கள். பார்த்துக்கொண்டவர் ஒரு மணியக்காரர். 'மணியக்காரர் சத்திரம்' வெள்ளைக்காரர் வாயில் 'மானிகர் சவுல்ட்ரி' ஆனது. பசித்து வந்தவர்களில் பாதிப்பேர் நோயாளிகள்தானே. 1799-இல் அண்டர்வுட் என்ற டாக்டர் நம்மவர்களுக்காக ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். பின்னால் சத்திரமும் அதுவும் ஒன்றாயின. ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் வந்ததெல்லாம் 1930-களில்தான்.

சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ஜி.ஹெச். இதைவிட நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது. 1664-இல் கோட்டைக்குள், கம்பெனி சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. நம்மவர்களுக்கு அதன் கதவு திறந்தது 1842-இல். ஏழைகளுக்கென்றே பிறந்தது கஞ்சித்தொட்டிதான் என்பதில் எனக்கு ஒரு பெருமை, சேகர். நம்ம பேட்டைக்காரன் பெருமை என்றே வைத்துக்கொள்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் பொன்னேரிப் பக்கத்து அம்மா ஒருவர். அவர் மகள் விடியற்காலை பஸ் பிடித்து, தூக்கில் நொய்க் கஞ்சியும் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுவருவாள். ஆபரேஷனுக்கு அப்புறம் பெரியம்மாவுக்கு எதுவும் இறங்கவில்லை. பால், ரொட்டி எல்லாம் அப்படியே இருந்தது. அந்தப் பெண் கேட்காமலே டம்ளரில் கஞ்சியை ஊற்றி ஆற்றி, பெரியம்மாவின் தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு வயிற்றுக்குள் போன முதல் ஆகாரம் அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சத்திரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இன்னமும் இருக்கிறது, ஆதரவற்ற முதியோர் இல்லமாக. டிஸ்சார்ஜ் அன்று வாசல் வரை போய் நின்றுவிட்டு வந்தேன். சரி, மாசியில் நீ வருகிறாய் அல்லவா? இரண்டு பேருமாக உள்ளே போய், அங்கிருப்பவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருவோம். தேதியை மட்டும் முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
பாலு