அழைப்பிதழில் பெயர் இல்லாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரி வளாகத்தில் டிசம்பர் 8, 9, 10 ஆகிய மூன்று நாளும் நடந்த மனித உரிமை நாள் நிகழ்ச்சிகள் முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. கடைசி நாள் நன்றியுரை நடுவில் கரண்ட் போய்விட்டது. அழைப்பிதழில் பெயர் இருந்தவர்களுக்கு மட்டும் அவசரமாக நன்றி சொல்லி முடித்தோம். விட்டுப்போனவர்கள்தான் அதிகம். அவர்களுக்காக மாணவர் குழு சார்பில் இதை எழுதுகிறேன்.

முதலில் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு.

1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தில் முப்பது பிரிவுகள் உண்டு. முப்பதையும் தமிழில் அட்டைகளில் எழுதி, கேன்டீன் பக்கத்து வேப்பமரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தோம். ஏழாம் தேதி இரவு மழை. விடிந்து பார்த்தால் ஸ்கெட்ச் பேனா மை வழிந்து, எல்லாப் பிரிவும் ஒரே நீலமாக இருந்தது. டிசம்பரில் மழை வரும் என்று எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

காலை ஆறு மணிக்கு அண்ணனை எழுப்பினோம். லுங்கியோடு வந்து ஷட்டரைத் தூக்கினார். லேமினேஷன் மெஷின் சூடாகும் நேரத்தில் அட்டைகளைப் படித்துக்கொண்டிருந்தவர், "உறுப்புரைன்னா என்ன தம்பி?" என்று கேட்டார். இங்கே நாம் பிரிவு என்பதை அந்தத் தமிழாக்கத்தில் உறுப்புரை என்று போட்டிருக்கிறார்கள். இலங்கையில் அப்படித்தான் சொல்வார்கள் என்றோம். தாளுக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு நிறையப் பேர் நின்று படித்தது முதல் அட்டையைத்தான். "மனிதப் பிறவியினர் சகலரும் சுதந்திரமாகவே பிறக்கின்றனர்" என்று அது தொடங்கும். ஆங்கில வரைவில் ஆண்களை மட்டும் குறிக்கும்படி இருந்த சொல்லை மாற்றி, மனிதர் எல்லோரையும் குறிக்கும் சொல்லைப் போடவேண்டும் என்று வாதாடியவர் இந்தியாவிலிருந்து போன ஹன்சா மேத்தா. சூரத்தில் பிறந்தவர், நம் அரசியல் நிர்ணய சபையிலும் இருந்தவர். அவர் படத்தை அட்டைக்குக் கீழே ஒட்டியது முதலாமாண்டு மாணவி ஒருத்தி. யாரும் சொல்லிச் செய்யவில்லை. உனக்கும் நன்றி தங்கச்சி.

இரண்டாம் நாள் வந்த திருப்பூர் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. எங்கள் குழுவில் ஒருவனின் தாயார் அவர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒருநாள் வராவிட்டால் அந்த நாள் சம்பளம் கிடையாது, அதுவும் அவருக்கு ஒன்றரை ஷிப்ட் சம்பளம். அதை விட்டுவிட்டு, பஸ் ஏறித் திருச்சிக்கு வந்தார்.

அன்று ராணா பிளாசா பற்றிய படக் காட்சி. வங்கதேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில், சாவர் என்ற ஊரில் இருந்த எட்டு மாடிக் கட்டடம். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டது. கீழ்த்தளங்களில் ஒன்றில் இருந்த வங்கி, ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேல்தளங்களில் இருந்த தையல் கம்பெனிகளின் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு ஏற்றினார்கள். 2013 ஏப்ரல் 24 காலையில் கட்டடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். இதையெல்லாம் நாங்கள் கணினியில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் பாதிப்பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா எழுந்து, முன்வரிசைப் பையனிடம் "உன் சட்டைக் காலரைக் காட்டு கண்ணு" என்றார். லேபிளில் மேட் இன் பங்களாதேஷ். அவன் ஓரத்தை மடக்கிப் பிடித்து, இது ஓவர்லாக் தையல், இது பேட்லாக் தையல், இந்த இடத்தில் நூல் விட்டுப்போயிருக்கிறது, என் டேபிளுக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று விரலால் தடவிக் காட்டினார். "அவசரத்துல தைச்சிருக்கு பாவம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அப்புறம் அறையில் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரின் காலரைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மறுபடி கணினியைப் போட எங்களுக்கே மனம் வரவில்லை.

அன்று மதியம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து பேச வந்த அக்காவுக்கும், அவரை அழைத்து வந்த வேன் ஓட்டுநர் அண்ணனுக்கும் நன்றி. பத்து மணி நிகழ்ச்சிக்கு அக்கா வந்து சேர்ந்தது பன்னிரண்டரைக்கு. முகாமில் அன்றைக்கு ஆள் சரிபார்க்கும் தணிக்கை. ஆள் நேரில் நின்று கையெழுத்துப் போட்டால்தான் வெளியே கிளம்ப முடியும். தேதி குறிக்கும்போது அதைக் கேட்டுக்கொள்ளாதது எங்கள் தவறு. அண்ணன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேனிலேயே காத்திருந்திருக்கிறார். வெயிட்டிங் காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, டீ மட்டும் போதும் என்றார்.

அக்கா இங்கேயே, 1991இல் பிறந்தவர். இங்கேயே பள்ளிக்கூடம் போய், இங்கேயே நர்சிங் படித்தவர். ஆனால் 1987 ஜூலை 1 முதல் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. அவருக்கு அப்பா, அம்மா இருவரும் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 2021இல் அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது நல்ல விஷயம்தான், பஸ்ஸில் ஊர்ப் பெயர் சொல்லக் கூச்சமில்லை என்றார். கயிற்றில் பதினைந்தாவது அட்டை, நாட்டினம் ஒன்றுக்கு உரியவராக இருக்கும் உரிமை பற்றியது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார். சரி என்று விட்டுவிட்டோம்.

ஒலிபெருக்கி அனுமதிக்கு ஏழு கையெழுத்து தேவைப்பட்டது. எங்களோடு அறை அறையாக ஏறி இறங்கிய துறைத்தலைவர் மேடத்துக்கு நன்றி. மூன்று நாளும் சாம்பார் சாதத்தைக் கணக்குப் பார்க்காமல் அனுப்பிய விடுதி மாஸ்டருக்கும், பந்தலுக்கு ஏணி பிடித்த நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கும் நன்றி.

பத்தாம் தேதி காலையில் முப்பது அட்டைகளையும் முப்பது பேர் வாசித்தார்கள். மாணவர்களோ ஆசிரியர்களோ கிடையாது. தோட்டக்கார ஐயா, மெஸ் அக்காக்கள், கேன்டீன் டீ மாஸ்டர், பஸ் கண்டக்டர் இப்படி. ஆளுக்கு ஒன்றாக நாங்களே பிரித்துக் கொடுத்திருந்தோம். இரவு வாட்ச்மேன் அண்ணாச்சி மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. முந்தின இரவே டார்ச் அடித்துக் கயிறு முழுக்கப் படித்துப் பார்த்திருக்கிறார். "எனக்கு அந்த இருபத்துநாலைக் குடுங்க" என்றார். அது ஓய்வுக்கும், வேலை நேரத்துக்கு நியாயமான வரம்புக்கும், சம்பளத்தோடு விடுமுறைக்கும் ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமையைச் சொல்லும் பிரிவு. அவருக்கு மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை டூட்டி. வாரவிடுப்பு என்ற ஒன்று காண்டிராக்டில் இல்லை. டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாமல் பத்து மணி வரை இருந்து, யூனிஃபார்ம் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை வாசித்தார். ஒரு தடவைதான் என்று சொல்லியிருந்தோம். யாரும் தடுக்கவில்லை.

கயிற்றை அவிழ்க்கும்போது எண்ணினால் இருபத்தொன்பது அட்டைதான். குறைந்த அந்த ஒன்றைத் தேட வேண்டாம் என்று குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். மெயின் கேட் கூண்டுக்குள், வருகைப் பதிவேடு தொங்கும் ஆணிக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

மற்றபடி, பச்சை மூடி போட்ட ஒரு டிபன் பாக்ஸும் இரண்டு குடைகளும் எங்கள் துறை அலுவலகத்தில் இருக்கின்றன. டிபன் பாக்ஸைக் கழுவி வைத்திருக்கிறோம். உரியவர்கள் அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மாணவர் குழு சார்பில்,
மூன்றாமாண்டு வரலாற்றுத் துறை மாணவன்