நம் வில்வேட்டைக் குழு, மத்திய நியூ ஜெர்சி: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், மான்கறிச் சுக்காவைச் சூடாறாமல் கொண்டுவந்து சேர்த்த வீட்டாருக்கும் வணக்கம்.

பயிற்சி முகாம், கோடைச் சந்திப்பு, புதியவர்களை மாநில வில்வேட்டை வகுப்புக்கு அனுப்பியது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. அவற்றை விரித்துப் படித்து உங்கள் பசியைக் கிளப்பப் போவதில்லை. இந்த அறிக்கை பெரும்பாலும் இடம் பற்றியது. குழுவில் சேர்பவர் முதலில் எந்த வில் வாங்கலாம் என்று கேட்கிறார். வாங்கிய பிறகு எங்கே போய் எய்வது என்று கேட்கிறார். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல இங்கே ஆள் நிறைய. இரண்டாவதற்கு வாய் திறப்பவர் குறைவு. தெரிந்தவரும் தன் இடத்தை மறைத்து வைத்துக்கொள்வார்.

புதியவர்களுக்காகச் சட்டத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் ஆள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 450 அடிக்குள் துப்பாக்கி வேட்டை கூடாது. வில்லுக்கும் அதே தூரம்தான் இருந்தது; 2010-ல் அதை 150 அடியாகக் குறைத்தார்கள். 150 முதல் 450 அடிக்குள் என்றால் பரண் மேல் இருந்து கீழ்நோக்கித்தான் எய்ய வேண்டும். பள்ளி விளையாட்டுத் திடலுக்கு 450 அடி அப்படியே நிற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு வீட்டைச் சுற்றி 450 அடி வட்டம் போட்டால் ஏறக்குறைய 14.6 ஏக்கர் அடிபட்டுப் போகும். 150 அடி என்றால் 1.6 ஏக்கர்தான். புறநகரில் வில்வேட்டை என்ற ஒன்று நடப்பதே இந்த வித்தியாசத்தால். 150 அடிக்குள்ளும், அந்த வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த அனுமதி கையில் இருந்தால் எய்யலாம். 2009 முதல் தனியார் நிலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வில்லோடு போகலாம் என்பது வாரம் முழுக்க ஐ.டி. வேலையில் கிடக்கும் நமக்குப் பெரிய ஆறுதல்.

மாநில வனவிலங்கு நிலங்களில் கூட்டம் அதிகம். பூங்காக்களில் அனுமதி கிடைத்தால் கிடைத்ததுதான். இரண்டையும் இத்தோடு விடுகிறேன்.

தனியார் நிலத்தில் நமக்கு நன்றாகக் கைகொடுத்தவை சிறு பண்ணைகள். 1964-ம் ஆண்டின் பண்ணை நில மதிப்பீட்டுச் சட்டப்படி, குறைந்தது 5 ஏக்கரில் முறையாக விவசாயம் செய்பவருக்குச் சொத்து வரி வெகுவாகக் குறையும். அதனால் ஹில்ஸ்பரோ, மாண்ட்கோமரி, ஹோப்வெல் பக்கமெல்லாம் புதுக் குடியிருப்புகளின் முதுகிலேயே கிறிஸ்துமஸ் மரத் தோட்டம், நாற்றுப் பண்ணை, விறகுக்காடு என்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மான் கடித்த ஒவ்வொரு நாற்றும் அவர்களுக்கு நட்டம். கேட்பவர் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் கதவு திறக்கிறது. நிலம் யார் பேரில் இருக்கிறது என்பதை டவுன்ஷிப் வரி வரைபடத்தில் பார்த்துக்கொண்டு போங்கள். குத்தகைக்காரரிடம் பேசிவிட்டு உரிமையாளரை விட்டுவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். செப்டம்பரில் சீசன் தொடங்கிய பிறகு உருமறைப்புச் சட்டையோடு போய் மணியடித்தால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். பனி உருகும் பிப்ரவரி, மார்ச்சில் மான் தடமும் புழுக்கையும் கண்ணுக்குத் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் டியூலிப்பும் ஹோஸ்டாவும் மொட்டையாகி வீட்டுக்காரர் எரிச்சலில் இருப்பார். அப்போது போங்கள். லைசென்ஸ் நகல், வண்டி எண், வரும் நேரம், வராத நாட்கள் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும்.

நம் ஊர்க்காரர் வீடுகளில் அவரைப் பந்தலையும் பாகற்கொடியையும் மான் மேய்ந்துவிட்டது என்ற புலம்பல் எல்லாக் கோடையிலும் உண்டு. ஆனால் வில் என்றதும் முகம் மாறிவிடும். குடியிருப்பின் நடுவில் காடு ஒட்டிய மனை வைத்திருக்கும் ஒரு மாமி, “வள்ளியைப் பெத்ததே மான்தானேப்பா, அதையா கொல்லப் போறேள்?” என்று கேட்டார். நம் தலைவரே வாயடைத்துப் போனார். அந்த வீட்டுக்குப் பிறகு வருகிறேன்.

அக்டோபரில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். உறுப்பினர் ஒருவர் முறையான அனுமதியோடு, பரணிலிருந்து, 20 யார்டுக்குள் பெண்மான் ஒன்றை எய்தார். நல்ல எய்ப்பு; இரண்டு நுரையீரலும் போயிற்று. அப்படிப்பட்ட மானும் விழுவதற்கு முன் 100 யார்டு வரை ஓடக்கூடும். அரை ஏக்கர் மனை 100 அடி அகலம் என்றால், அது மூன்று வீட்டுக் கொல்லை. மூன்றாவது கொல்லையில், குழந்தைகளின் ஊஞ்சலருகே விழுந்தது. அந்த வீட்டாருக்கு இப்படி ஒரு வேட்டை நடப்பதே தெரியாது. போலீஸ் வந்தது, தாள்களைப் பார்த்தது, எல்லாம் சரி என்று போய்விட்டது. மறுநாள் நில உரிமையாளர் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அக்கம்பக்கத்தில் முகம் கொடுக்க முடியவில்லை என்றார். சட்டம் மீறப்படவில்லை, ஆனாலும் இடம் போனது.

ஆகவே இந்த ஆண்டு முதல் செயற்குழு வேறு முறையில் இடம் தேடுகிறது. பரண் கட்டும் மனைக்கு மட்டும் அனுமதி வாங்கினால் போதாது. அதைச் சுற்றி மான் ஓடக்கூடிய மனைகளிலும் தேடிப் போகும் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். அடிபட்ட மானே ஆனாலும் அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் நுழைய நமக்கு உரிமையில்லை. இரத்தத் தடம் பிடித்து வேலி வரை வந்து, ராத்திரி எட்டு மணிக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று நிற்கும் நிலை இனி வேண்டாம். எய்ய அனுமதிக்கு ஒரு படிவம், தேட அனுமதிக்கு ஒரு படிவம் என்று இரண்டு தயாரித்திருக்கிறோம். எய்ய விடமாட்டேன் என்பவர்களில் பலர் தேட விடுகிறார்கள். அந்த மாமியும் இரண்டாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டார். “அது எங்கேயோ கிடந்து அவதிப்படறதுக்கு நீங்க வந்து எடுத்துண்டு போங்கோ” என்பது அவர் சொன்ன காரணம். அவர் மனை நடுவில் இருப்பதால், அந்தப் பக்கம் இப்போது தொடர்ச்சியாக ஒரு வட்டாரமே நமக்குத் திறந்திருக்கிறது. எய்யும் இடம் அதில் ஒன்றே ஒன்றுதான்.

இடம் கேட்கும்போது என்ன சொல்வது என்பதிலும் ஒரு வேண்டுகோள். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயை வைத்துப் பயமுறுத்தாதீர்கள். உண்ணிக்கு அந்தக் கிருமி பெரும்பாலும் வெண்பாத எலி போன்ற சிறு பிராணிகளிடமிருந்து வருகிறது. மான், வளர்ந்த உண்ணிக்குத் தீனி போடுகிறது. ஒரு குடியிருப்பில் நாம் நாலு மான் எடுப்பதால் நோய் குறையும் என்று யாரும் உறுதி தர முடியாது. தோட்டம், சாலை விபத்து, முளைவிட்ட மரக்கன்றெல்லாம் மேயப்பட்டு அடியில் வெறும் மண்ணாய்க் கிடக்கும் காடு: கேட்பவருக்கு இவையே போதும்.

வழக்கு பயம் நியாயமானது. பொழுதுபோக்குக்காகத் தன் நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளரைக் காக்க 1968-ல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் புறநகர் வீட்டு மனைக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் நீதிமன்றங்கள் கறாராக இருந்திருக்கின்றன. அதைக் காட்டி வாக்குக் கொடுக்காதீர்கள். குழுவின் பொறுப்புக் காப்பீட்டுத் தாளைக் காட்டுங்கள், அதற்குத்தான் சந்தா.

பிடித்த மான்களை அன்றன்றே மாநிலத்துக்குப் பதிவு செய்துவிட்டார்கள். பாக்கி எதுவும் இல்லை. நம் மண்டலம் முதலில் ஒரு பெண்மானை எடுத்த பிறகுதான் கொம்புள்ள ஆண்மானை எடுக்கலாம் என்ற விதிக்குள் வருவதால் முணுமுணுப்பு உண்டு. எண்ணிக்கையைக் குறைப்பது பெண்மானை எடுப்பதுதான் என்பதால் எனக்கு அதில் குறை தெரியவில்லை. உபரிக் கறி ஹண்டர்ஸ் ஹெல்பிங் தி ஹங்ரி அமைப்போடு சேர்ந்த கறிக்கடை வழியாக உணவு வங்கிக்குப் போனது. காட்டு மான்கறியை விற்பது குற்றம். வாட்ஸ்அப்பில் விளையாட்டுக்குக்கூட விலை போட வேண்டாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். பேரவையின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள். ஒன்று: தேட அனுமதிப் படிவங்கள் முழுமையாகக் கோப்பில் சேராத எந்த இடத்திலும் வரும் சீசனில் உறுப்பினர் பரண் கட்டக்கூடாது. இரண்டு: சொந்தமாகப் பிடித்த இடங்களின் பட்டியலை ஒவ்வொருவரும் ஜூன் இறுதிக்குள் செயலாளரிடம் தர வேண்டும். இரண்டாவதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். பட்டியலை நான் யாரிடமும் காட்டப் போவதில்லை. ஒரே கொல்லைக்கு இரண்டு பேர் இரண்டு படிவம் நீட்டாமல் இருக்கத்தான் கேட்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்