தட்டும் உறையும் பிரியாமல்: நம் இசைத்தட்டுச் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, ஆச்சிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கடன் கிடையாது, சந்தா பாக்கி கொஞ்சம் நிற்கிறது. சித்திரை வெயிலில் ஒரு கூட்டம் தள்ளிப்போனது தவிர மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன.

இவ்வாண்டு நம் மூத்த உறுப்பினர் ஒருவரை இழந்தோம். எந்தத் தட்டு கைக்கு வந்தாலும் உறையைத் திருப்பிப் பின்பக்கத்தை முழுக்க வாசித்துவிட்டுத்தான் தட்டை வெளியே எடுப்பார். அவருடைய வீட்டு ஆச்சி அந்தத் தட்டுகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கவில்லை. வாங்கிய கடைச் சீட்டுகளோடு, அவர் அடுக்கிவைத்த வரிசை கலையாமல், மொத்தமாகச் சங்கத்திடம் ஒப்படைத்தார். அந்த ஆச்சிக்கு இந்த அவை எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டின் பெரிய வேலை பள்ளத்தூர் வீடு. பங்காளிகள் கூடி வீட்டைக் கொடுத்துவிடுவது என்று முடிவான பிறகுதான் நமக்குச் சேதி வந்தது. அதற்குள் தேக்குத் தூண், நிலைக்கதவு, கண்ணாடி எல்லாவற்றுக்கும் விலை பேசியாகிவிட்டது. பழம்பொருள் வியாபாரி குழாய் வைத்த கிராமபோனை எடுத்துக்கொண்டு தட்டுகளை விட்டுவிட்டுப் போயிருந்தார். குழாய் விற்கும், தட்டு விற்காது. வியாபாரத்தில் அது தப்பில்லை. இரண்டாம் கட்டு அறையில், பர்மாவிலிருந்து வந்த மரப்பெட்டிக்குள் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அடித்தட்டுகள் பாரம் தாங்காமல் விரிசல் விட்டிருந்தன. காகித உறைகளில் பாதியைச் செல் அரித்திருந்தது.

வீட்டு நடுமுற்றத்து வளவில் பாய் விரித்து உட்கார்ந்து துடைத்தோம். அன்று வர முடியாத புது உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். 78 வேகத் தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டு, அரக்கு கலந்து செய்தது. ஸ்பிரிட்டோ சானிடைசரோ பட்டால் அரக்கு கரைந்துவிடும், பாட்டும் அதோடு போய்விடும். ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கோடு ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். லேபிளில் ஈரம் படக் கூடாது. நிழலில் நிறுத்தி உலர்த்த வேண்டும். முள்ளும் வேறு. 78-க்கு உரிய முள்ளின் முனை, எல்.பி. எனப்படும் பிற்கால நீண்ட நேரத் தட்டின் முள்ளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பருமன். எல்.பி. முள்ளை இதில் வைத்தால் அது கோட்டின் அடியில் இறங்கி அழுக்கில் உரசும். பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் வரும்.

அந்தப் பெட்டியில் 'நாம் இருவர்' படத்தின் தட்டு ஒன்று சேதமில்லாமல் இருந்தது. டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டு. 1947 பொங்கலுக்கு வந்த படம் அது. ஆகஸ்ட் 15 வருவதற்கு ஏழு மாதம் முன்பே சுதந்திரம் அடைந்துவிட்டதாக ஆடிப்பாடிய பாட்டு. அந்தப் படம் எடுத்த ஏவி.எம். ஸ்டுடியோ அப்போது இருந்தது காரைக்குடிப் பக்கம் நம் தேவகோட்டை ரஸ்தாவில். முள் இறங்கியதும் முதலில் கரகரவென்று சத்தம், பிறகு அந்தக் கணீர்க் குரல். துடைத்துக்கொண்டிருந்த எல்லோரும் கையை நிறுத்திவிட்டோம். வீட்டுக்காரர்களில் இளையவர், "இது இங்கேயா எடுத்த படம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதன்பிறகு அந்தப் பெட்டியை விலைக்குக் கொடுப்பது பற்றி அவர்கள் பேசவே இல்லை. சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஸ்டுடியோவை நிறுவிய ஏவி. மெய்யப்பன் சினிமாவுக்கு வந்ததே தட்டு வழியாகத்தான் என்பதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவருடைய தந்தை ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் நடத்திய கடையில் கிராமபோன் தட்டுகள் விற்றார்கள். பிறர் போட்ட தட்டை விற்பதோடு நில்லாமல் தாமே தட்டுப் போடலாம் என்று மெய்யப்பன் சென்னைக்குப் போய், கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஜெர்மனியின் ஓடியன் கம்பெனியோடு தொடர்பு வைத்துத் தட்டுகள் வெளியிட்டார்கள். படம் பிறகுதான் வந்தது. 1938-இல் அவர் எடுத்த 'நந்தகுமார்' படத்தில்தான் நடிப்பவருக்கு வேறொருவர் குரல் கொடுத்துப் பாடும் முறை தமிழில் முதலில் வந்ததாகச் சொல்வார்கள். தட்டு விற்றுப் பழகியவருக்கு அந்த யோசனை தோன்றியதில் எனக்கு வியப்பே இல்லை. முகத்தைப் பார்க்காமல் குரலுக்காகவே காசு கொடுக்கும் ஜனங்களைக் கடையில் தினமும் பார்த்தவர் அவர்.

78 தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் நீட்டினால் மூன்றரை. படத்தில் ஆறு நிமிடம் ஓடும் பாட்டைப் பாதியாகப் பிரித்து இரண்டு பக்கத்தில் போடுவார்கள், இல்லையென்றால் ஒரு சரணத்தை வெட்டிவிடுவார்கள். ஆகவே தட்டில் கேட்பதும் படத்தில் கேட்பதும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. லேபிளில் இருக்கும் பெயரையும் அப்படியே நம்பக் கூடாது. 1949-இல் வந்த இந்திப் படமான 'மஹல்' தட்டில் லதா மங்கேஷ்கர் பெயரே கிடையாது; கதாபாத்திரத்தின் பெயரான காமினி என்று அச்சடித்திருந்தார்கள். தட்டு, உறை, அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகம் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெளியும். இவ்வாண்டு நான் எல்லாக் கூட்டத்திலும் சொன்னது இதைத்தான், இப்போதும் சொல்கிறேன்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோடு நிற்கவில்லை. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் கழித்துப்போட்டதையெல்லாம் எடுத்து வைத்தார். அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக நிறுவினார்கள். காலணா பாட்டுப் புத்தகத்தை ஆராய்ச்சிக்காரர்கள் இன்று தேடிப்போய்ப் படிக்கிறார்கள். அது நம் பக்கத்து ஊர்க்காரர் செய்த காரியம். தட்டுக்கும் அதைச் செய்யலாம்.

இப்போது கைப்பேசியில் எல்லாப் பாட்டும் இருக்கிறதே என்று புது உறுப்பினர் ஒருவர் ஆடி மாதக் கூட்டத்தில் கேட்டார். நல்ல கேள்வி. பாட்டு இருக்கிறது, விவரம் இல்லை. 1965-இல் பிரியும் வரை எம்.எஸ். விஸ்வநாதனும் டி.கே. ராமமூர்த்தியும் சேர்ந்துதான் இசையமைத்தார்கள். உறையில் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும். கைப்பேசிப் பட்டியல்களில் ராமமூர்த்தி பெயர் விட்டுப்போயிருப்பதை எத்தனையோ பாட்டில் காட்டலாம். வயலின் பிடித்த ராமமூர்த்தியின் உழைப்பு அச்சில் இருந்தது, இன்று அழிந்துகொண்டு வருகிறது. தெளிவாக்குகிறோம் என்று எதிரொலியைச் சேர்த்து, முன்னிசையை நறுக்கி, ஒரே தடத்தில் பதிந்த மோனோ பாட்டை இரண்டாகப் பிளந்து கொடுப்பதும் நடக்கிறது. பழைய தட்டு கையில் இருந்தால்தான் எது மூலம், எது ஒட்டுவேலை என்று சொல்ல முடியும்.

கார்த்திகை மாதக் கூட்டம் கானாடுகாத்தானில் ஓர் உறுப்பினர் வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் நடந்தது. 'ப்ரியா' எல்.பி.யைப் போட்டோம். 1978-இல் வந்த படம். தமிழில் ஸ்டீரியோவில், அதாவது இடம் வலம் என இரு தடங்களில், பதிவான முதல் படப் பாடல்கள் என்று பெயர் பெற்றது. அதற்கு இயக்கம் காரைக்குடி எஸ்.பி. முத்துராமன். பாட்டு எழுதியது சிறுகூடல்பட்டி பஞ்சு அருணாசலம், கண்ணதாசனின் அண்ணன் மகன். 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜாவைக் கொண்டுவந்தவரும் அவரே. இடப்பக்கத் தூணருகே ஒரு ஸ்பீக்கர், வலப்பக்கத் தூணருகே ஒன்று. நடுவில் உட்கார்ந்தவர்களுக்குக் கிடார் ஒரு பக்கமும் வயலின் கூட்டம் மறுபக்கமும் பிரிந்து கேட்டன. ஓரத்தில் இருந்த பெரியவர் ஒருவர் நாற்காலியை நகர்த்தி நகர்த்தி நடுவுக்கே வந்துவிட்டார். ஒரு பக்கம் முடிந்து தட்டைத் திருப்பும்வரை யாரும் பேசவில்லை. இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் அதுதான்.

அடுத்து, நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் விஷயம். நம் தமிழ்ப் பட எல்.பி.களில் இருப்பது பாட்டு மட்டும். பின்னணி இசை, அதாவது ரீ-ரெக்கார்டிங், தட்டில் வருவது மிக அபூர்வம். 1995-இல் வந்த 'பம்பாய்' படத்தின் தொகுப்பில் ஏ.ஆர். ரஹ்மானின் தீம் இசை தனியாக வந்தது போன்றவை விதிவிலக்கு. வெளிநாட்டில் நிலைமை வேறு. 1938-லேயே டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்திலிருந்து இசையை எடுத்துத் தட்டுத் தொகுப்பாகக் கடையில் விற்றார்கள். இன்றைக்கு இன்ட்ராடா, லா-லா லேண்ட் போன்ற சின்னக் கம்பெனிகள் பழைய மூல நாடாக்களைத் தேடிப்பிடித்து, பின்னணி இசை முழுவதையும் ஆயிரம், மூவாயிரம் பிரதிகள் என்று அளவாகப் போடுகின்றன. கூடவே எந்தக் காட்சிக்கு எந்தத் துண்டு, பதிவு எப்போது நடந்தது என்று சிறு புத்தகமும் வைக்கின்றன. 'ஃபிலிம் ஸ்கோர் மன்த்லி' என்ற பத்திரிகை தன் பெயரிலேயே 250 தொகுப்புகள் வெளியிட்டது. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய நம் தேவகோட்டை உறுப்பினர் அப்படிப்பட்ட குறுந்தகடுகளைக் கொண்டுவந்து காட்டினார். அந்தச் சிறு புத்தகங்களைப் புரட்டியபோது எனக்கு ஏக்கமாக இருந்தது, மறைப்பானேன். நம் இசையமைப்பாளர்கள் ஒரு படத்தின் பின்னணிக்குப் போட்ட உழைப்பு எதிலும் குறைந்ததில்லை. அது தனியாகக் கேட்கக் கிடைப்பதில்லை.

ஆனால் நம்மிடம் கதை வசனத் தட்டுகள் இருக்கின்றன. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஒலிபெருக்கியில் ஓடித் தேய்ந்த 'திருவிளையாடல்' போன்றவை. சேகரிப்போர் பலர் இவற்றை மதிப்பதில்லை, பாட்டு இல்லையே என்று அரை விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். படத்தின் ஒலிநாடாவிலிருந்து எடுத்தவை என்பதால், வசனத்துக்கு அடியில் பின்னணி இசை ஓடிக்கொண்டிருக்கும். கே.வி. மகாதேவன் ஒரு காட்சியை வீணையால் எப்படித் தாங்குகிறார், எந்த இடத்தில் நிறுத்தி மௌனம் விடுகிறார் என்று கேட்க வேண்டுமானால், தட்டு வடிவில் நமக்கு இருக்கும் வழி இதுதான். கதை வசனத் தட்டை யாரும் இனி விற்க வேண்டாம், சங்கம் எடுத்துக்கொள்ளும்.

தொலைக்காட்சி இசையையும் சேர்க்க வேண்டும் என்ற இளைஞர்களின் கோரிக்கையைச் செயற்குழு ஏற்றது. 'மால்குடி டேஸ்' தொடருக்கு எல். வைத்தியநாதன் போட்ட இசையும், கே. பாலசந்தரின் 'ரயில் சினேகம்' தொடருக்காக வி.எஸ். நரசிம்மன் இசையில் சித்ரா பாடியதும், 1999-இல் வந்த 'சித்தி'க்குத் தினா இசையில் நித்யஸ்ரீ பாடிய முகப்புப் பாட்டும் எத்தனை வீடுகளில் மாலைப் பொழுதை நிறைத்தன! இவற்றில் பலவற்றுக்குத் தட்டு என்று ஒன்றும் கண்ணில் பட்டதில்லை. கோட்டையூர் ஆச்சி ஒருவர் டேப்ரிக்கார்டரைத் தொலைக்காட்சிப் பெட்டிமேல் வைத்துப் பதிவுசெய்த கேசட்டுகளைக் கொடுத்திருக்கிறார். பாட்டுக்கு நடுவில் அடுப்படிச் சத்தமும் வாசலில் யாரோ கூப்பிடுவதும் கேட்கின்றன. நாடா ஒட்டிக்கொள்வதற்குள் படியெடுக்கும் வேலை நடக்கிறது.

ஒரு மனக்குறையையும் பதிவு செய்கிறேன். வட்டாரத்தில் ஒரு விடுதியில் எல்.பி.களை ஆணி அடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். சிலதைக் கடிகாரமாக்கிவிட்டார்கள். பேசிப் பார்த்தோம், காலி உறைகளின் பிரதியை நாங்களே அச்சடித்துத் தருகிறோம் என்றும் சொன்னோம். பதில் வரவில்லை. மறுபடியும் போய்க் கேட்போம்.

படியெடுத்ததை எல்லோருக்கும் அனுப்பலாமா என்ற கேள்விக்குச் செயற்குழுவின் முடிவு: இப்போதைக்கு இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டில் தீர்ந்துவிடும். ஆனால் பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை அவர்கள் மறைவுக்குப் பின் 60 ஆண்டு நிற்கும். 1981-இல் மறைந்த கவியரசர் கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. தட்டு பழையது என்பதால் பாட்டு பொதுவாகிவிடாது. சங்கத்துக்கு வந்து கேட்கலாம், கூட்டத்தில் கேட்கலாம்.

வரும் ஆண்டில் பதிவேட்டு வேலை. தட்டின் எண், இரு பக்க லேபிள் விவரம், லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் எழுத்துகள், உறையின் முன்பின் படம், யார் வீட்டிலிருந்து வந்தது என எல்லாம் எழுத வேண்டும். தமிழ் அழகாக எழுதும் நான்கைந்து பேர் தேவை. ஐப்பசி மழைக்கு முன் தட்டுகளை மச்சிலிருந்து இறக்கி, நிற்கவைத்து அடுக்குங்கள். உள்ளே பிளாஸ்டிக் தாள் இருந்தால் எடுத்துவிட்டுக் காகிதம் போடுங்கள். ஈரத்தில் அது தட்டோடு ஒட்டிப் புள்ளி விழச் செய்யும்.

அடுத்த கூட்டம் தேவகோட்டையில். தலைப்பு கதை வசனத் தட்டுகள். வீட்டில் இருப்பதை உறையோடு கொண்டுவரவும். இந்த அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்