மன்றோ குலச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காட்லாந்தின் மன்றோ குலச் சங்கத்துப் பெரியோர்களுக்கு வணக்கம்.

கிழக்கு ராஸில் ஃபவுலிஸ் கோட்டையைத் தாயகமாகக் கொண்ட உங்கள் குலம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்களில் ஒருவருடைய வரலாற்றில் தமிழர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. அந்தப் பங்கை விலக்காமல் சொல்லுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

ஆறாம் பாரோனெட் (பரம்பரையாக வரும் பட்டம்) சர் ராபர்ட் மன்றோ 1710 முதல் 1741 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, 1746இல் ஃபால்கர்க் போர்க்களத்தில் மாண்டவர். இன்னொரு ராபர்ட் மன்றோ 1916 முதல் 1922 வரை ஸ்காட்லாந்துக்கான அமைச்சர். கத்தோலிக்கப் பள்ளிகளைப் பொதுக்கல்விக்குள் கொண்டுவந்த 1918ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பொறுப்பில் நிறைவேறியது. சட்டம் இயற்றியவர் என்ற சிறப்புக்கு உங்கள் குலத்தில் இவரே மிகவும் பொருந்துவார் என்பது என் எண்ணம்.

நான் பேச வந்தது நோவார் சர் ஹெக்டர் மன்றோவைப் பற்றி. 1764இல் பக்சார் போரில் வென்று, பெரும் பொருளோடு ஊர் திரும்பிய அவர், 1768 முதல் 1802 வரை 34 ஆண்டுகள் இன்வர்னஸ், ஃபோர்ட்ரோஸ், நேர்ன், ஃபாரஸ் ஆகிய நான்கு நகரங்களின் உறுப்பினராக இருந்தார். அந்நாளில் வாக்கு நகர மன்றத்தாரிடமே இருந்தது, ஊர் மக்களிடம் இல்லை. அந்த இருக்கை அவர் பெயரில் இருந்தபோதே, 1778 முதல் சில ஆண்டுகள் அவர் சென்னையில் கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கினார். 1778இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியைப் பிடித்தார். 1780 செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் கம்பெனியின் கர்னல் பெய்லி நடத்திய படையை ஹைதர் அலியும் திப்புவும் அழித்தபோது, சில மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் முதன்மைப் படையோடு இருந்த ஹெக்டர் உரிய நேரத்தில் துணைக்குச் செல்லவில்லை. கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். மறு ஆண்டு நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினார். (எங்கள் ஊர்களில் இன்றும் மன்றோ என்றால் நினைவுக்கு வருபவர் ஆளுநர் தாமஸ் மன்றோதான், அவரும் 1780இல் இளம் வீரராக ஹெக்டரின் படையில் இருந்தவரே.)

நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலின் நினைவாகத்தான் உங்கள் கிழக்கு ராஸில் உள்ள ஃபைரிஷ் குன்றின் மேல், 453 மீட்டர் உயரத்தில், ஹெக்டரின் நினைவுச் சின்னமான கல் வளைவுகள் நிற்கின்றன. வேலையின்றி வாடிய மக்களுக்குக் கூலி கொடுப்பதற்காகவே ஹெக்டர் அதைக் கட்டுவித்தார் என்றும், வேலை நாள்கள் நீள வேண்டும் என்று கற்களை மலையடிவாரத்துக்கு உருட்டிவிட்டு மீண்டும் சுமக்கச் செய்தார் என்றும் உங்கள் பக்கத்து மரபுக் கதை சொல்கிறது. அந்தக் கதையை நான் மதிக்கிறேன். ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில், 1782இல், சென்னையில் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற மணியக்காரர் சத்திரம் தொடங்கப்பட்டது. அதன் வழியாக வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையைச் சென்னைவாசிகள் நெடுங்காலம் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தார்கள். அந்தப் பஞ்சத்துக்கு மழை பொய்த்தது மட்டும் காரணமன்று. ஹெக்டர் பங்கேற்ற போரில் வயல்களும் ஊர்களும் பாழாகியிருந்தன. அவற்றில் பலவற்றை எரித்தது ஹைதரின் குதிரைப்படைதான் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. இருந்தும், அங்கே கூலியாகப் போன பொருளையும் இங்கே நேர்ந்த பசியையும் ஒரே வரலாற்றின் பகுதிகளாகவே நான் காண்கிறேன்.

ஆகவே, உங்கள் குலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பற்றி எழுதும்போது ஹெக்டரின் 34 ஆண்டுகளை வெறும் தொடக்க, முடிவு ஆண்டுகளாகக் குறிக்காமல், அந்த இருக்கையை வைத்துக்கொண்டே அவர் சோழமண்டலக் கரையில் செய்தவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ஃபைரிஷ் குன்றைப் பற்றி வருவோருக்குச் சொல்லும் இடங்களிலெல்லாம், நாகப்பட்டினம் என்பது வெறும் வெற்றியின் பெயரன்று, மக்கள் வாழ்ந்த, இன்றும் வாழும் துறைமுக நகரம் என்பதையும், 1782இன் பஞ்சத்தையும் சொல்லுங்கள். அதற்கு வேண்டிய தமிழ்நாட்டுச் செய்திகளைத் திரட்டித் தர இங்குள்ள வரலாற்று ஆசிரியர்களை அணுகுங்கள், முன்வருவோர் இருப்பார்கள்.

மிகுந்த மதிப்புடன்,
தமிழ்நாட்டு வாசகர் ஒருவர்