ஆங்கில நாவலுக்குத் தந்தைமார் மட்டுந்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இலக்கியப் பக்கத்தில் ஆங்கில நாவலின் தொடக்கம் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். டிஃபோ, ரிச்சர்ட்சன், ஃபீல்டிங் என்று ஆண் எழுத்தாளர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, பெண்கள் என்றதும் ஒரே தாவலில் ஜேன் ஆஸ்டினிடம் போய்விட்டார் கட்டுரையாளர். இடையில் தொண்ணூறு வருசம் எந்தப் பெண்ணும் பேனாவைத் தொடவில்லையா?

டிஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’ வந்த அதே 1719இல்தான் எலைசா ஹேவுட் என்ற பெண் எழுத்தாளரின் ‘லவ் இன் எக்ஸெஸ்’ நாவலின் முதல் பாகமும் வந்தது. அந்தக் காலத்தில் சக்கைபோடு போட்ட புத்தகம். வெறும் காதல் கதைதானே என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் அவருடைய ‘ஃபான்டோமினா’வை (1725) ஒருதரம் வாசிக்கட்டும். நல்ல குடும்பத்துப் பெண்ணொருத்தி ஒருவனை விரும்புகிறாள், அவனுக்கோ கொஞ்ச நாளில் அவள் அலுத்துவிடுகிறாள். இவள் மூலையில் இருந்து அழவில்லை. வேலைக்காரியாக, பிறகு கணவனை இழந்தவளாக, அப்புறம் முகமூடி போட்ட சீமாட்டியாக வேடம் மாற்றி மாற்றி அதே ஆளிடம் போகிறாள். அந்த மகாராசனும் ஒவ்வொரு முறையும் புதுசாக யாரோ கிடைத்துவிட்டாள் என்றே நம்பி மயங்குகிறான்! கடைசியில் அவள் கர்ப்பமாகிப் பிரான்ஸில் ஒரு கன்னியர் மடத்துக்கு அனுப்பப்படுவது வேறு விஷயம்.

இப்படி எழுதியதற்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? 1728இல் அலெக்சாண்டர் போப் தன் ‘டன்சியட்’ கவிதையில், யார் உயரமாகச் சிறுநீர் கழிப்பது என்று இரண்டு புத்தக வியாபாரிகளைப் போட்டிபோட வைத்து, வென்றவனுக்கு ஹேவுட்டைப் பரிசாகக் கொடுத்தார். பெரிய கவிஞர்தான், ஆனால் இது பகிடி இல்லை, வக்கிரம். அதற்காக ஹேவுட் ஒரேயடியாக ஓய்ந்துவிடவில்லை. 1744 முதல் 1746 வரை ‘ஃபீமேல் ஸ்பெக்டேட்டர்’ என்று பெண்களுக்காக மாத இதழ் நடத்தினார். 1751இல் வந்த ‘பெட்சி தாட்லெஸ்’ நாவலில் மனைவி ஆசையாக வளர்க்கும் அணிலைப் புருஷன் கோபத்தில் தூக்கிக் கணப்படுப்பில் அடித்துக் கொல்வான். குடும்பத்துக்குள் நடக்கும் கொடுமையைக் காட்ட அந்த ஒரு இடம் போதும்.

நம் இலங்கையில் 1914இலேயே ‘நொறுங்குண்ட இருதயம்’ நாவலை எழுதிய மங்களநாயகம் தம்பையாவை எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்கப்போனால் அது தனிக் கடிதமாகிவிடும், விடுங்கள்.

அடுத்த வாரம் இரண்டாம் பாகம் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ஹேவுட்டுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள். உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளும் உங்கள் பத்திரிகையைப் பார்க்கிறார்கள். ‘ஃபான்டோமினா’ சின்னக் கதை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் போட்டால் நல்லது.

வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6