பூனைக்கு எத்தனை?

எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. இன்று ராத்திரியே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கோடை வகுப்பு நடத்திய இடமும் சாமான்களும் மே முதல் வாரம் எப்படிப் போயின என்று உங்களுக்குத் தெரியும். ஓடி வந்ததே நீங்கள்தான். அதைத் திரும்பக் கிளற எனக்குத் தெம்பில்லை. மறுநாள் காலை, உட்கார இடமில்லாமல், கையில் ஒரு சாக்பீஸ்கூட இல்லாமல், கத்திரி வெயிலில் 22 பிள்ளைகளோடு நின்றேன். 'வகுப்பு வேண்டாம், போய் விளையாடுங்க' என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

கொட்டகையைப் பகல் பதினொரு மணி வரை விட்டுக்கொடுத்த கேரம் தம்பிகளுக்கு நன்றி. 2024இல் அமெரிக்கா போய் கேரம் உலகக்கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா வடசென்னை செரியன் நகர்ப் பொண்ணு. அப்படிப்பட்ட ஊரில் கேரம் போர்டைத் தூக்கி ஓரமாக வைப்பது லேசுப்பட்ட தியாகமில்லை. தார்ப்பாய் கொடுத்த ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள், பானைத் தண்ணி வைத்த வீடுகள், பழைய நோட்டில் எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தைத்துத் தந்த அக்காக்கள், எல்லாருக்கும் நன்றி.

மற்றதெல்லாம் மீன்கார ஆயாவுக்கு. பேர் போட்டால் திட்டும், அதனால் போடவில்லை.

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கம் செய்யும் நேரம் என்று 61 நாள் லாஞ்சு, அதாவது விசைப்படகு, எதுவும் கடலுக்குப் போகாது. ஃபைபர் போட்டில் வரும் கொஞ்ச மீனுக்கு ஏலத்தில் அடிதடி. ஆயாவின் கூடை பாதி நாள் கவிழ்த்தே கிடந்தது. கொட்டகை வாசலில் வெற்றிலையை மென்றுகொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் மூன்றாவது நாளாக வகுத்தலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஏப்ரலில் போட்ட கணக்கு, மே மாதம் சுத்தமாக மறந்திருந்தது. "இன்னாம்மா, இம்மாம் நேரமா அடிச்சினுகீற? பசங்களுக்குக் கூறு கட்டத் தெரியாதா?" என்று ஆயா எழுந்து வந்தது. புளியங்கொட்டையை ஒரு கை அள்ளித் தரையில் கொட்டி எண்ணச் சொன்னது. இருபத்து மூன்று. "நாலு கூறு வை. எல்லாக் கூறும் ஒண்ணா இருக்கணும், இல்லாங்காட்டி வாங்க வர்றவ சண்டைக்கு வருவா." கூறுக்கு ஐந்து வைத்தார்கள். மூன்று மிஞ்சியது. "அது பூனைக்கு."

அவ்வளவுதான். ஈவு, மீதி என்று நான் கத்தியதெல்லாம் காற்றோடு போயிற்று. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் மீதிக்குப் பேர் பூனை. நாற்பத்தேழை ஆறால் வகுத்தால்? "கூறுக்கு ஏழு டீச்சர், பூனைக்கு அஞ்சு!" பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லி யாராவது திட்டு வாங்கினால் பழி என்னுடையது.

மறுநாள் ஆயா பரணிலிருந்து பழைய தராசையும் எடைக்கற்களையும் இறக்கிக்கொண்டு வந்தது. இப்போது எல்லாம் எலக்ட்ரானிக் தராசுதானே, இது சும்மா கிடக்குது என்றது. கடல் மணலைப் பொட்டலம் கட்டி எடை போட்டோம். நானூற்றைம்பது கிராம் போடச் சொன்னேன். இருநூறும் நூறும் வேறு பிள்ளைகள் கையில். நாலாவது படிக்கும் ஒரு குட்டி, அரைக் கிலோ கல்லை ஒரு தட்டில் வைத்து, மணல் தட்டில் ஐம்பது கிராம் கல்லைப் போட்டது. நான் சொல்லித் தரவில்லை. ஆயாவும் சொல்லித் தரவில்லை. முள் நடுவில் வந்து நின்றதும் ஆயா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை எழுத எனக்கு வரவில்லை.

துட்டு ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, "போவியா" என்று சொல்லிவிட்டது. அடுத்த வருஷமும் தடைக்காலம் தொடங்குகிற அன்றே வகுப்பைத் தொடங்குவேன். வாசலில் ஆயாவுக்கு ஒரு ஸ்டூல் போட்டு வைப்பேன்.

இன்னும் இரண்டு வாரத்தில் லாஞ்சு கிளம்பிவிடும். அதற்குள் தராசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 50 கிராம் கல் ஒன்று குறைகிறது. யார் வீட்டுப் பையில் இருந்தாலும் கொட்டகையில் வைத்துவிடுங்கள், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.