தேதியோடு டிகிரியையும் சொல்லுங்கள்: ஃபிரிட்ஜ் தயாரிப்பாளர்களுக்கும் உணவு நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒருவர் தரும் குளிரை நம்பித்தான் மற்றவர் தேதி போடுகிறார். வீட்டில் சமைத்துச் சாப்பிடும் எங்களுக்கு இது பெரும்பாலும் தெரிவதே இல்லை.

பால், இறைச்சி போன்றவற்றின் பாக்கெட்டில் உள்ள தேதி, சொன்ன குளிரில் வைத்தால்தான் செல்லும். பொதுவாக அது 4 அல்லது 5 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்கும் கீழே. ஃபிரிட்ஜ் 9 டிகிரியில் ஓடினால் அந்தத் தேதியை நம்பிப் பயனில்லை. சரி, எங்கள் ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரியில் ஓடுகிறது?

ஃபிரிட்ஜ் தயாரிப்பாளர்களே, இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பல மாடல்களில் உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கத் திருகும் ஒரு குமிழ், அதில் 1 முதல் 7 வரை எண்கள். 4-ல் வைத்தால் 4 டிகிரி என்று யாரும் எளிதாக நினைத்துவிடுவார்கள். அவை டிகிரியே அல்ல. பெரும்பாலும் எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான். அதே எண்ணில் வைத்திருந்தாலும் கோடை வந்தால், சாமான்களை அடைத்து வைத்தால், கதவின் ரப்பர் தளர்ந்தால் உள்ளே வெப்பம் மாறிவிடும். திரை உள்ள மாடல்களிலும் பல, நாங்கள் வைத்த அளவைத்தான் காட்டுகின்றன, உள்ளே இருப்பதை அல்ல. உண்மை தெரிய வேண்டுமென்றால் நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு, இரவு முழுக்க விட்டுக் காலையில் பார்க்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு பெரிய இயந்திரத்தில் ஒரு சிறிய தெர்மாமீட்டருக்கா இடமில்லை? அப்புறம், பால் பாட்டிலுக்குக் கதவில் இடம் ஒதுக்குகிறீர்கள். திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று படும், உள்ளே வெப்பம் அதிகம் ஏறி இறங்கும் இடமே அதுதான்.

முகர்ந்து பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகள் வேறு, நோயைத் தருபவை பெரும்பாலும் வேறு. லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி குளிரிலும் மெல்ல வளரும்; குளிர் குறையக் குறைய வேகமெடுக்கும். உணவின் மணமோ நிறமோ மாறாமலே இருக்கலாம். கர்ப்பிணிகளின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் முதியவர்களுக்கும் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

உணவு நிறுவனங்களே, ‘இந்தத் தேதிக்கு முன் சிறந்தது’ என்பது சுவைக்கும் தரத்துக்குமான தேதி. அது கடந்தாலும், சரியாக வைத்திருந்த உணவைப் பெரும்பாலும் சாப்பிடலாம். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்புக்கானது; அதைத் தாண்டக் கூடாது. உலக நாடுகளுக்குப் பொதுவான கோடெக்ஸ் லேபிள் தரநிலையில் 2018-லேயே இந்த இரண்டையும் பிரித்து வரையறுத்துவிட்டார்கள். ஆனாலும் பாக்கெட்டில் இரண்டும் ஒரே மாதிரி, புள்ளி புள்ளியாக அச்சான எழுத்தில், மடிப்பின் மேல், ஈரம் பட்டால் அழியும் மையில் வருகின்றன. நல்ல உணவு குப்பைக்குப் போவதும், கெட்டது தட்டுக்கு வருவதும் இந்தக் குழப்பத்தால்தான். பாக்கெட்டைத் திறந்த பிறகு அந்தத் தேதி செல்லாது என்பதோ பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது.

ஆகவே, தேதி போடும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும், திறந்த பின் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் அச்சிடுங்கள். ஃபிரிட்ஜ் செய்பவர்கள், உள்ளே இருக்கும் உண்மையான டிகிரியைக் கதவைத் திறக்காமலே பார்க்கும்படி வையுங்கள். விலை உயர்ந்த மாடல்களில் மட்டுமல்ல, மிக மலிவான மாடலிலும்.

இப்படிக்கு,
ஒரு வீட்டுச் சமையல்காரர்